மூடிய லேபிளும் மாப்பிள்ளையின் காலும்

என் தங்கையைக் கட்டுவதற்கு முன்பே எனக்கு நண்பனாகிவிட்ட அன்பு டில்லிக்கு,

முதலில் தலைப்புச் செய்தி. திருமழிசையில் நம் ஆய்வுக்கூட நிர்வாகக் குழு, கதவைச் சாத்திக்கொண்டு காலை முழுவதும் விவாதித்து, மைக்ராஸ்கோப் அறை மின்விசிறியை மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கியது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எதிர்த்தவரும் வியர்வையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

காரணம் நீதான். கண்ணாடித் தகட்டின் லேபிளைக் காகிதம் ஒட்டி மறைத்தால்தான் செல்களை எண்ண உட்காருவாய். எந்தச் சுண்டெலிக்கு மருந்து, எதற்கு இல்லை என்று எண்ணுகிறவனுக்குத் தெரிந்தால், கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும் என்பாய். காற்றில் காகிதம் பறந்தால் வேறு தகடு கேட்பாய்.

அந்தக் காலத்தில் நான் எலும்பில் உள்ள அதே தாதுவைச் செய்து, கால்சியத்தின் இடத்தில் கொஞ்சம் துத்தநாகத்தைக் குடியேற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பொடியில் மருந்தை ஊறவைத்து, சீழ்பிடித்த எலும்புக்குள் வைப்பதாகத் திட்டம். பூந்தமல்லி சாலையில் லாரி மோதியதிலிருந்து உன் தொடை எலும்புக்கு வேறு மருந்து எதுவும் கேட்கவில்லை. முதலில் உனக்குத்தான் என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். பொடியின் எக்ஸ்ரே கோடுகள் ஒழுங்காக வந்தால் வேதியியல்காரனுக்கு உலகமே ஒழுங்காகிவிடும். எலிச் சோதனையின் முடிவு வரும் முன்பே லட்டு வாங்கிவிட்டேன்.

நீ எண்ணி முடித்ததும் காகிதங்களைப் பிரித்தோம். குரோமோசோம் உடைந்தால் செல்லுக்குள் குட்டி உட்கரு ஒன்று ஒதுங்கி நிற்குமே, பொடி வைத்த எலிகளின் மஜ்ஜையில் அது மண்டிக் கிடந்தது. துத்தநாகம் மிஞ்சியதில் தாது தளர்ந்து, மருந்தை ஒரே மூச்சில் துப்பியிருந்தது.

"பேப்பர் ஒட்டாம இன்னொரு தரம் எண்ணுங்க டில்லி. உங்க காலுக்குத்தானே சொல்றேன்" என்றார் இயக்குநர்.

"லேபிளைப் பாத்துகினு எண்றதுக்கு நான் இன்னாத்துக்கு சார்? லேபிளையே எண்ணிக்கலாமே."

பிறகு என்னிடம் திரும்பினாய். "மச்சான், மூஞ்சத் தொங்கப் போடாத. அந்த லட்டை இப்டி தள்ளு. அத்தையாவது துன்லாம்."

ஆடியில் உன் காலை எடுத்தார்கள். ஆவணியில் கட்டை ஊன்றி அதே நாற்காலிக்கு வந்தாய்; மாரடைப்பு உன்னைக் கொண்டுபோன நாள்வரை அங்கேதான் இருந்தாய். ஒருமுறையாவது அந்தக் காகிதத்தைத் தூக்கிப் பார்க்கத் தோன்றியதா, டில்லி?

தங்கச்சி நலம். நூம்பல் வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று. மேஸ்திரி அவளைக் கண்டால் சாரத்தில் ஏறிக்கொள்கிறார்.

துத்தநாகத்தைக் குறைத்து மறுபடி செய்தேன். மருந்து இப்போது சொட்டுச் சொட்டாகத்தான் கசிகிறது. புதிதாகச் சேர்ந்த பெண் உன்னைப் போலவே லேபிளைக் காகிதம் ஒட்டி மறைத்து எண்ணினாள். பொடி வைத்த எலிக்கும் வைக்காத எலிக்கும் வித்தியாசம் இல்லை. இந்த முறை எனக்குப் பயமில்லை. ஆனாலும் நோயாளிக்கு வைத்த பிறகும் ரத்தம் எடுத்து அந்தக் குட்டி உட்கருக்களை எண்ணச் சொல்வேன். எண்ணிக்கை ஏறினால் என் தாதுவை நானே நிறுத்துவேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

மருத்துவமனை அனுமதி வந்துவிட்டது. திங்கட்கிழமை, ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வரும் ஒருவருடைய தொடை எலும்பில் பொடியை வைக்கிறார்கள்.

உன் மச்சான்,
கோபால்