நான் திருத்திய வரி

துவாரகா, புது தில்லி
18 நவம்பர்

அன்புள்ள ஸ்ம்ருதிக்கு,

அம்மா எழுதுவது. இந்தப் புகைமூட்டம் கொடுத்த இருமலைத் தவிர அப்பாவும் நானும் சௌக்கியம். உன்னைச் சௌக்கியமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, டப்ளினில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துவோம், அதனால்தான் கடிதம், அப்பா இதைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவார். எழுத்துக்கூட்டியாவது படி, உன்னை ஜனக்புரி தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போனது வீணாகக் கூடாது. முதலில் இங்கிலீஷில்தான் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே 'கைண்ட்லி' வந்து உட்கார்ந்துகொண்டது. முப்பத்து நாலு வருஷம் சர்க்கார் ஆபீஸில் டிராஃப்ட் எழுதின கை, அந்த பாஷையில் எனக்குக் கோபப்படவே வராது.

நீ போன வாரம் சொன்னதிலிருந்து எனக்கு மனசு ஆறவே இல்லை. இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணாமல் அந்த மருந்தை அனுப்பக் கூடாது என்று நீ உன் மேனேஜரிடம் சொன்னாய். அவன் நேரமில்லை, அனுப்பு என்றான், அனுப்பினாய். சரக்கு திரும்பி வந்ததும் உன்னிடம் விளக்கம் கேட்டார்கள். நீ எழுதின பதிலில் 'ஐ டிட் நாட் அக்ரி' என்று பளிச்சென்று ஒரு வரி இருந்தது, யார் அனுப்பச் சொன்னது என்பதும் இருந்தது. வழக்கம்போல எனக்குத் திருத்த அனுப்பினாய். இரண்டையும் அடித்தவள் நான். சொன்னதை 'கம்ப்ளை' பண்ணினேன், உங்கள் முடிவை 'அக்செப்ட்' பண்ணுகிறேன், இனிமேல் விதிகளுக்கு 'அபைட்' பண்ணி நடப்பேன் என்று மூன்று வரி அழகாக எழுதிக் கொடுத்தேன். விசா இருக்கிறதே, வேலை இருக்கிறதே, மேலே இருப்பவனைப் பகைத்துக்கொள்ளலாமா என்று பயம். இப்போது அந்த மூன்று வரியைக் காட்டியே தப்பு உன்னுடையது என்று முடிவு கட்டி, உன்னை லேபிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவன் அதே நாற்காலியில் இருக்கிறான். இருபத்தெட்டாம் தேதிக்குள் அப்பீல் பண்ணாவிட்டால் அது உன் பேரில் அப்படியே நின்றுவிடுமாம். எனக்கு உன் மேலும் கோபம்தான். முப்பத்தொரு வயசுப் பெண், உன் லேபில் நடந்தது உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா, 'இல்லைம்மா, அந்த வரி இருக்கட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கேட்டால், நீ சொன்னபடிதானே பண்ணினேன் என்கிறாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் ரிப்போர்ட் கார்டில் டீச்சர் 'ஒபீடியன்ட்' என்று எழுதினதை மாடி மாடியாகப் போய்க் காட்டினவள் நான்தானே, யாரைப் போய் நொந்துகொள்வது.

உன்னிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் ஆபீஸில் நமக்குச் சம்மதமில்லை என்றால் அதை ஃபைலில் நோட் எழுதி வைக்கலாம். பெரிய ஆபீசர் வேறு மாதிரி உத்தரவு போட்டாலும் நாம் எழுதினது அங்கேயே இருக்கும். நீ மூன்றாவது படிக்கும்போது ஒரு ஃபைல் காணாமல் போய், டெஸ்பாட்ச் கிளார்க் அருள்ராஜ் தலையில் பழி விழுந்தது. அதை எங்கள் ஆபீசர்தான் வீட்டுக்கு எடுத்துப் போனார் என்று எனக்குத் தெரியும், எழுதியும் வைத்தேன். அவர் கூப்பிட்டு, மேடம், வோ பன்னா பதல் தீஜியே என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னபடியே அந்தப் பக்கத்தை மாற்றி, 'ஐ அக்ரி' என்று கையெழுத்துப் போட்டேன். அருள்ராஜுக்கு வரவேண்டிய ப்ரமோஷன் போயிற்று. ரிடையர் ஆகும்வரை என்னைப் பார்த்தால் நமஸ்தே சொல்வார், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினதில்லை.

இங்கே நம் ஃப்ளாட் சொஸைட்டியிலும் ஒரு கூத்து. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாதாம், எல்லா வீட்டுக்காரர்களும் 'அக்ரீட்' என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டுமாம். நமக்குப் பாத்திரம் தேய்க்கிற ராஜாத்தி வீங்கின முழங்காலோடு ஏழு மாடி ஏற வேண்டும். அப்பா என்ன ஏது என்று படிக்காமல் அச்சா ஜி, அச்சா ஜி என்று போட்டுக் கொடுத்துவிட்டார். நான் கீழே போய் வாசல் வாட்ச்மேனிடம் ரிஜிஸ்டரை வாங்கி, அவர் கையெழுத்துக்கு அடியில், உன் டிராஃப்டில் நான் அடித்தேனே, அதே வரியை எழுதிவிட்டு வந்தேன். நின்றுகொண்டே எழுதினதில் எழுத்து கோணல். சொஸைட்டி பிரசிடென்ட் மேலே வந்து, எல்லாரும் ஒத்துப்போகிறார்கள், ஆன்ட்டிஜிக்கு மட்டும் என்ன என்று அப்பாவைக் கேட்டார், என்னை அல்ல. ராஜாத்தியோ, எதுக்கும்மா வம்பு, நான் படியிலயே ஏறிக்கிறேன் என்று என்னிடம்தான் கோபித்துக்கொண்டாள். இன்றைக்கும் படியில்தான் வந்தாள். எரிச்சலாக இருக்கிறது, ஆனால் எழுதினதை அடிக்க மாட்டேன்.

நீ முதலில் எழுதின டிராஃப்டைத் தேடி எடுத்து உனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் அடித்துத் திருத்தின காகிதத்தின் போட்டோவும் கூட இருக்கிறது. இந்த மூன்று வரி என் அம்மா எழுதினது என்று கம்பெனியில் சொல்ல வேண்டுமானால் சொல்லு, எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அப்பா இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, குழந்தையிடம் கொஞ்சம் பதமாக எழுதலாமே என்றார். முடியாது என்றுவிட்டேன். குளிருக்குக் காதை மூடிக்கொள், வெறும் பிரெட்டைத் தின்று நாளை ஓட்டாதே. நீ தலை நிமிர்ந்து, நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருடைய ஆசியும். இருபத்தெட்டாம் தேதியை மறந்துவிடாதே. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பாதே. அவர்களுக்கு அனுப்பு.

உன் அம்மா,
ருக்கு