வாசல் கல் எட்டு தீப்பெட்டி உயரம்

ஆவணி 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். முதலாளியின் புதுக் காரில் விருதுநகர் போய்வந்தேன். பட்டாசு ஆலை ஃபோர்மேன் எனக்கு வந்த யோகம். முதலாளி ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தரையோடு இறக்கியிருக்கிறார். நாலுவழிச் சாலை வளைவில் துளி ஆட்டமில்லை. "பாத்தீகளா அண்ணாச்சி, ரோட்ட ஒட்டிக்கிட்டே போகுது!" என்றார். உண்மைதான். எனக்கே ஆசை வந்தது.

திரும்பும்போது ஆலை வாசலில் குறுக்கே பதித்த கருங்கல்லில் காரின் அடிப்பகுதி உரசியது. கல்லில் புதுக் கீறல். இரும்பு உரசினால் பொறி பறக்கும். இருபதடியில் ஒன்றாம் ஷெட், வெடிமருந்து நிரப்புகிற இடம். என் மனைவி செல்வி அங்கேதான்.

ஆவணி 4, புதன்

டீக்கடை வாசலில் கார் நின்றது. அடியில் தீப்பெட்டிகளை அடுக்கி அளந்தேன். ஆளில்லாமல் ஒன்பது. நாலு பேர் ஏறினால் ஏழு. வாசல் கல்லைக் குச்சியால் அளந்து வந்திருந்தேன். எட்டு.

முதலாளியிடம் சொன்னேன். "காரை வெளிய நிறுத்துங்க மொதலாளி. கொலுசு, செல்போன் அம்புட்டையும் வாசல்லயே வாங்கி வைக்கோம்லா."

"அது வேலை பாக்குறவுகளுக்கு அண்ணாச்சி."



ஆவணி 6, வெள்ளி

காற்று. வாங்க வேண்டியவை: செருப்பு வார், தேங்காய், செல்விக்கு இருமல் மாத்திரை.

பதினோரு மணிக்குக் கார். முதலாளி, மாமனார், மச்சினன்மார் இருவர். நாலு பேர்! ஓடிப்போய்க் கல்லின் முன் நின்றேன். ஹாரன் அலறியது.

"எல்லாரும் எறங்கி நடந்து வாங்க மொதலாளி."

"எங்க மாமாவ நடக்கச் சொல்லுதீகளா?"

நகரவில்லை. கார் பின்வாங்கியது. சாயங்காலம் போன். "நாளைலருந்து வர வேணாம் அண்ணாச்சி."

ஆவணி 7, சனி

செல்வி தூக்குவாளியோடு கிளம்பினாள். போகாதே என்றேன். "ரெண்டு பேரும் வீட்ல இருந்தா அடுப்பு எரியுமா?" சண்டை. நான் சாப்பிடவில்லை.

9.30. செல்போனை வாசலில் வாங்கி வைத்திருப்பார்கள். கூப்பிட்டுப் பயனில்லை.

10.00. கார் வரும் நேரம். அங்கே வெடித்தால் இங்கே ஜன்னல் அதிரும்.

10.10. பக்கத்து வீட்டில் தட்டு விழுந்தது. தெருவுக்கே ஓடிவிட்டேன். பயம், பயம்.

10.20. போன். செல்வி!

"எப்படிடி பேசுத? உள்ள போகலையா?"

"ஒருத்தியும் போகல. அந்தக் கல்லு மேலதான் அம்புட்டு பேரும் வரிசையா உக்காந்திருக்கோம். கார் ரோட்லயே நிக்கி. நீங்க சாப்பிட்டீகளா?"