பத்தாவது ஜோடி

பிப்ரவரி 9, திங்கள்

பள்ளி விட்டதும் இன்றும் அப்பாவின் டிராவல்ஸ் ஆபீஸ்தான். போன் எடுப்பது, பாஸ்போர்ட் நகல் எடுப்பது, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது. கண்ணாடிக் கதவில் புது விளம்பரம் ஒட்டினேன். ‘தம்பதியர் சிறப்புச் சுற்றுலா.’ பெரிய எழுத்தில் விலை. அதற்கடியில் எறும்பு ஊர்வது மாதிரி: ‘ஒருவருக்கு, இருவர் ஒரே ரூமில் தங்கினால்.’

புதிதாகக் கல்யாணமான இருவர் சிரித்துக்கொண்டே வந்தார்கள். “அது ஒருத்தருக்கும்மா, ரெண்டு பேர் போறீங்கல்ல?” என்று அப்பா கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டியதும் சிரிப்பு பாதியாகிவிட்டது. உடனே, “கேக்கு, கட்டில்ல பூ, ஒருநாள் மெழுகுவத்தி டின்னர், எல்லாம் நம்ம அன்பளிப்பு” என்றார். அன்பளிப்பாம்! மூன்றும் விலைக்குள்ளேயே இருக்கின்றன. விலைப்பட்டியலை டைப் செய்தவளே நான்தான்.

அடுத்து வந்த பெண் தனியாகப் போக வேண்டும் என்றார். “அப்ப முழு ரூமும் உங்க தலையில விழும் மேடம். ஒருத்தர் படுத்தாலும் ஹோட்டல்காரனுக்கு ஒரு ரூம்தானே?”

“அப்படின்னா தனியா இருக்கிறதுக்கு அபராதம்னு சொல்லுங்க” என்று எழுந்து போய்விட்டார். அவர் பின்னாலேயே போய்விட வேண்டும் போலிருந்தது.

பிப்ரவரி 11

அக்கா எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து மூன்று வாரம். கூப்பிட்டால் வலது பக்கமாகத் திரும்புகிறாள். இடது காது சரியாகக் கேட்கவில்லை. அத்தான் அடித்தது. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

இன்று சாப்பிடும்போது அப்பா அறிவித்தார். அந்தத் தம்பதியர் சுற்றுலாவில் அக்காவும் அத்தானும் போகிறார்களாம். அவருடைய பரிசாம். “புருஷன் பொண்டாட்டி நாலு நாள் வெளிய போய்ட்டு வந்தா எல்லாம் சரியாயிடும். மாப்பிள்ளை சரின்னுட்டார்.”

அக்கா தட்டிலேயே கை கழுவினாள்.

படுத்த பிறகு என்னிடம் கேட்டாள்: “அந்த ஹோட்டல்ல கட்டில் ஒண்ணா, ரெண்டாடி?”

எனக்குத் தெரியும். ஒன்றுதான். தெரியாது என்றேன்.

பிப்ரவரி 12

எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 13

குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். பயத்திலா கோபத்திலா தெரியவில்லை.

மாலையில் அப்பா ஹோட்டல் மேனேஜரிடம் போனில் பேசினார். “பத்து ரூம் உறுதி சார். ஒன்பது வந்தாச்சு. பத்தாவது ஜோடி நம்ம வீட்டுப் பொண்ணு, மாப்பிள்ளைதான்.”

ஒன்பதாகவே இருந்தால் என்ன என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன். அப்பா நல்ல மனநிலையில் இருந்தார்.

“பத்து ரூம்லயும் ஜோடி இருந்தாத்தான் குழு ரேட்டு. கூட்டிட்டுப் போற எனக்கும் ஒரு ரூம் சும்மா கிடைக்கும். ஒண்ணு குறைஞ்சாலும் எல்லா ரூமுக்கும் ரேட் ஏறிடும். நான் பத்து ரூம் ரேட்டை வச்சு வித்துட்டேன், இனிமே கூடுதலாக் கேட்க முடியுமா? கைக்காசுதான் போகும்.” பிறகு என் தலையைத் தட்டி, “கேள்வியெல்லாம் கேக்கற. பொழச்சுக்குவ” என்றார்.

சரியாகுமாம்! என்ன சரியாகும்? அக்காவின் காதா? ஊருக்கெல்லாம் ஜோடி சேர்த்து விற்கிறார், ஒன்று குறைந்ததும் வீட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். கடையில் எடைக்கு ஒரு வெங்காயம் சேர்த்துப் போடுவது போல! அது அக்கா. என் அக்கா. அப்பா என்று எழுதவே பிடிக்கவில்லை. ஆனால் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து நிற்கிறேனே, என்னை என்ன செய்வது?

பிப்ரவரி 16, திங்கள்

செய்துவிட்டேன்.

அப்பா வங்கிக்குப் போயிருந்தார். ஹோட்டலிலிருந்து போன். “பத்து ரூம் தானேம்மா? இன்னைக்கு முடிவா சொல்லணும்.”

“ஒன்பது” என்றேன்.

“நிச்சயமா?”

“நிச்சயம் சார். ஒரு ஜோடி வரல.”

வைத்த பிறகு அப்பா வருகிறாரா என்று வாசலைப் பார்த்தேன். கொன்றுவிடுவார்.

பிப்ரவரி 17

கொல்லவில்லை.

ஹோட்டலிலிருந்து புது ரேட் வந்துவிட்டது. வீட்டுக்குள் நுழையும்போதே, “நேத்து போன் எடுத்தது யாரு?” நான்தான் என்றேன். கையை ஓங்கினார். அக்கா நடுவில் வந்து நின்றாள்.

“ஒரு ரூம் குறைஞ்சா உங்களுக்கு என்னப்பா?”

“என்னவா? ஒன்பது ரூமுக்கும் ஏத்திட்டான்டி! எனக்குக் கிடைக்கிற ரூமும் போச்சு! உன்னை நம்பித்தானே பத்துன்னு சொல்லி வச்சேன்!”

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது போல. சட்டென்று நிறுத்தினார்.

அக்கா அழவில்லை. “அப்ப நான் தலை எண்ணிக்கைக்குத்தான்” என்றாள். “நான் போகலப்பா. அங்கயும் போகல, அவர் வீட்டுக்கும் போகல.”

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அப்பா குரலை இறக்கி அவளிடம் பேசினார். “நாளைக்குள்ள பத்துன்னு சொன்னா பழைய ரேட்டே தர்றானாம். நீ கிளம்பேன். நாமளே பத்தாவது ஜோடி.”

அப்பா உலகத்துக்கே டிக்கெட் போட்டவர். அம்மாவை பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக் கூட்டிப்போனதில்லை. அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். நிதானமாகத் துடைத்தாள்.

“நான் வரல. ஒத்தை ஆளுக்கு என்ன ரேட்டோ, அதைக் கட்டிட்டு நீங்க போய்ட்டு வாங்க.”

இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தாள் இந்தக் குரலை? அம்மா மேலும் கோபமாகத்தான் இருக்கிறது. மூன்று வாரம் முன்னாலேயே பேசியிருக்கலாமே?

பிப்ரவரி 22, ஞாயிறு

அப்பா ஒன்பது ஜோடிகளோடு நேற்றே போய்விட்டார்.

இன்று அத்தான் போன் செய்தார். அம்மா எடுத்தாள். “அவ தூங்குறா” என்று வைத்துவிட்டாள்.

அப்போது நடுப்பகல். அக்கா உண்மையிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள், கட்டில் முழுக்கக் கை காலைப் பரப்பி.