ஒன்பதாம் மேசை

ரனோங்
தெற்குத் தாய்லாந்து
2014 ஜூன் 9

அன்புள்ள மோட்,

உறையின் மேல் ராச்சனீ என்று உன் முழுப் பெயரை எழுதிய என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழிக்கத் தோன்றியிருக்கும். முழுதும் படித்துவிட்டுக் கிழி. கைபேசியில் என் எண்ணைத் தடுத்துவைத்திருக்கிறாய். தபால்காரனைத் தடுக்க முடியாது அல்லவா, அதனால் பேனாவைத் தொட்டேன். பஸ் ஓட்டிய கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும்.

நான் இங்கே புத்த மடத்தின் நோயாளிக் கூடத்தில் கிடக்கிறேன். கல்லீரல் போய்விட்டது. "அப்பவே சொன்னேன்ல" என்று நீ முணுமுணுப்பது ரனோங் வரை கேட்கிறது. நான் உன்னை விட்டு யாரோடு வந்தேனோ அந்த ஜும், தன் கரோக்கே பாட்டுக் கடையை விற்றுவிட்டு ஒரு மலேசியக்காரனோடு போய்விட்டாள். போகிற அன்று என் சட்டைகளையெல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கிவைத்துவிட்டுத்தான் போனாள். வயிறு குலுங்கச் சிரித்துக்கொள், எனக்கு வருத்தமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலை பார்க்கும் மருத்துவக் கல்லூரிக்கே என் உடலை எழுதிக் கொடுத்துவிட்டேன், பிள்ளைகள் அறுத்துப் படிக்கட்டும் என்று. அங்கே பிணம் என்று சொல்லக் கூடாது, 'பெரிய ஆசிரியர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று நீதானே ஒரு காலத்தில் எனக்குப் பாடம் எடுத்தாய்? ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன் ஆசிரியர் ஆகப் போகிறேன். நீயும் எனக்குக் கைகூப்பியாக வேண்டும். என்னைத் திட்டித் தீர்த்ததற்கு அதுதான் உனக்குத் தண்டனை.

ஒரே ஒரு சிக்கல். நான் கண்ணை மூடியதும் நெருங்கிய உறவு ஒருவர் கல்லூரிக்குத் தொலைபேசியில் சொல்லிச் சம்மதம் தர வேண்டுமாம். இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். நாம் இன்னும் விவாகரத்து வாங்கவில்லை. சட்டத்தின் கணக்கில் எனக்கு நீதான் உறவு. அந்த ஒரு அழைப்பைச் செய்வாயா?

நம் பிள்ளை தியன் எப்படி இருக்கிறாள்? இந்நேரம் என் தோளுயரம் வளர்ந்திருப்பாள்.

உன் (கோபிக்காதே, பழக்கதோஷம்)
தாவீ

*

2014 ஜூன் 20

திரு. தாவீ அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது.

நான் இன்னும் அதே மாணவர் நலப் பிரிவில்தான் இருக்கிறேன். விடுதி அறையில் எலி என்றாலும் என்னிடம்தான் வருகிறார்கள், காதலித்தவள் பேசவில்லை என்றாலும் என்னிடம்தான். உடற்கூறு வகுப்பு தொடங்கும் வாரம் மண்டபத்துக்கு வெளியே பெஞ்ச் போட்டு, மடியில் தைலக் குப்பிகளோடு உட்கார்ந்திருப்பேன். போன வருடம் ஆறடிப் பையன் ஒருவன் வெளியே வந்து என் காலடியில் சரிந்தான்.

"மோட் அம்மா, நான் டாக்டருக்கு லாயக்கில்ல. என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க."

"அனுப்பறேன்டா ராஜா. மொதல்ல தலையைக் குனிஞ்சு உட்காரு. காலைல சாப்பிட்டியா? வெறும் வயித்தோட வந்தா யானைகூட விழுந்துரும்."

பகல் முழுவதும் ஊரார் பிள்ளைகளிடம் இந்தக் குரலில் பேசுகிறேன். மாலை ஐந்து மணிக்கு அது தீர்ந்துவிடும். மிச்சம் மீதி இருப்பதை வைத்துத்தான் உங்களுக்கு எழுதுகிறேன், அதனால் இனிப்பை எதிர்பார்க்காதீர்கள்.

அழைப்பைச் செய்கிறேன். வாழ்க்கையில் நீங்கள் உருப்படியாகச் செய்யப் போவது இது ஒன்றுதான். அதைக் கெடுப்பானேன்.

தியன் நன்றாக இருக்கிறாள். அதற்கு மேல் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

ராச்சனீ

*

ரனோங்
2014 ஜூலை 3

அன்புள்ள மோட்,

சம்மதம் என்று எழுதிவிட்டாய், அது போதும். கடிதத்தைப் பக்கத்துக் கட்டில் கிழவனுக்கு வாசித்துக் காட்டினேன். "உன் பெண்டாட்டி கைல பேனா குடுத்தா அரிவாளாட்டம் புடிப்பா போலயே" என்றான். பெருமையாக இருந்தது.

இன்னும் ஒன்று கேட்கிறேன். படிப்பு முடிந்ததும் ஆசிரியர்களுக்கெல்லாம் சேர்த்துப் பெரிய தகனச் சடங்கு நடக்குமே, குடும்பத்தாரை முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்துப் பிள்ளைகள் வந்து வணங்குவார்களே, என் நாற்காலியில் தியன் உட்கார வேண்டும். 'உங்க அப்பா எங்களுக்கு ஆசிரியர்' என்று நாலு டாக்டர்கள் அவளிடம் சொல்ல வேண்டும். குடிகாரன் மகள் என்ற பெயர் அன்றோடு கழுவப்பட்டுவிடும். அதற்கு முன்னால் ஒரு தடவை அவளை இங்கே அழைத்துவா. நான் பேசக்கூட மாட்டேன். பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறேன்.

நீ மாட்டேன் என்பாய். அதனால் ஒன்று சொல்கிறேன். உன்னை அழைத்துப்போகக் கல்லூரி வாசலில் நிற்பேனே, கையில் குச்சியில் சுட்ட பன்றிக்கறியும் ஒட்டரிசிச் சோறும், வண்டியின் முன்னால் தியனுமாக? நீ படிக்கட்டில் நின்று யாரோ ஒரு பெண்ணின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாய், நாங்கள் காத்திருப்போம். ஒரு நாள் தியன் கேட்டாள், "அம்மா ஏம்ப்பா நம்மகிட்ட மட்டும் அப்படிப் பேச மாட்டேங்குது?" அதனால்தான் நான் போனேன் என்று சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தாவீ

*

2014 ஜூலை 15

தாவீ,

குத்தத் தெரிந்த இடத்தில் குத்தியிருக்கிறீர்கள். சாகக் கிடந்தாலும் அந்தத் திறமை போகவில்லை.

நானும் ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். ஏழு வயதுப் பிள்ளையைப் பேருந்து நிலையத்தில் நிறுத்தி, "இங்கயே நில்லு தியன், அப்பா ஐஸ் வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ரனோங் பஸ்ஸில் ஏறிப் போனீர்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு நான் தேடிப் போனபோதும் அவள் அதே தூணருகில் நின்றிருந்தாள். நடைமேடைக்காரர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். "அப்பா நிக்கச் சொன்னாரு" என்றாள். என் குரலைப் பற்றி அவள் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் தேட வேண்டாம். இதற்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் எழுதியதையோ, படுத்திருப்பதையோ அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

இப்போது உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் டாக்டருக்குப் படிக்கப் போகிறாள். எங்கள் கல்லூரிக்குத்தான் தேர்வு எழுதுகிறாள், தேறியும்விடுவாள். இரண்டாம் வருடம் அந்த மண்டபத்துக்குள் அவளும் போவாள். உங்கள் உடலைப் பதப்படுத்தி மேசைக்குக் கொண்டுவரவும் ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும்.

உறவுக்காரர் உடலில் யாரும் படிக்கக் கூடாது என்று இங்கே விதி. முதல் நாள் ஆசிரியர்களின் பெயர்களை மாணவர்கள் முன்னால் வாசித்து, உறவு இருந்தால் கையை உயர்த்தச் சொல்வார்கள். உயர்த்தினால் அந்த உடலை வேறு கல்லூரிக்கு மாற்றிவிடுவார்கள். பெயர்களை வாசிப்பது யார் தெரியுமா? நான்தான்.

கொடுத்த கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். வேறு கல்லூரிக்குக் கொடுங்கள், மடத்திலேயே எரிக்கச் சொல்லுங்கள், எதுவானாலும் சரி. இது ஒன்றையாவது அவளுக்காகச் செய்யுங்கள்.

ராச்சனீ

*

ரனோங்
2014 ஆகஸ்டு 2

மோட்,

கை நடுங்குகிறது, சுருக்கமாக எழுதுகிறேன்.

திரும்பப் பெற மாட்டேன். என் மகள் டாக்டர்! கிழவனிடம் சொல்லிச் சொல்லி அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். உயிரோடு இருக்கும்போது வர மாட்டாள், நீ விட மாட்டாய். அங்கேயாவது வருவாள். என் மேசைக்கு வர வேண்டாம். அந்த மண்டபத்துக்குள் நுழையும்போது எல்லாரையும் சேர்த்துக் கும்பிடுவாளே, அதில் என் பங்கு ஒன்று இருக்கும். ஒரே ஒரு கும்பிடு. எனக்கு அது போதும்.

பிடிக்காவிட்டால் நீ அழைக்காதே. முடிவை உன் கையிலேயே விடுகிறேன்.

தாவீ

*

2017 மே 11

மதிப்புக்குரிய பெரிய ஆசிரியருக்கு,

நாளை தகனம். வழக்கப்படி ஒவ்வொரு மேசைப் பிள்ளைகளும் தங்கள் ஆசிரியருக்கு நன்றிக் கடிதம் எழுதிச் சவப்பெட்டிக்குள் வைப்பார்கள். கடிதங்களை வாங்கிச் சேர்ப்பது என் வேலை. ஒன்பதாம் மேசையில் ஆறு பேர் படித்தார்கள். ஐந்து கடிதங்கள்தான் வந்திருக்கின்றன. குறை வைக்கக் கூடாது என்று ஆறாவதை நான் எழுதுகிறேன்.

நீங்கள் கண்ணை மூடியதை மடத்துப் பிக்கு தொலைபேசியில் சொன்னதும் நான் கல்லூரிக்கு அழைத்தேன். என் நாற்காலியில் இருந்தபடி கீழ்த்தளத்துக்குத்தான் அழைத்தேன். ஏன் அழைத்தேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தியன் தேறினாள், சேர்ந்தாள். இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். "என்னம்மா, என்னமோ சொல்ல வர்ற?" என்று சாப்பாட்டின் நடுவே கேட்பாள். "ஒண்ணுமில்ல, மீன்ல உப்பு கம்மி" என்பேன். மயங்கி விழும் பிள்ளைகளுக்கெல்லாம் வார்த்தை வைத்திருக்கிறேன். இவளுக்கு மட்டும் வரவில்லை. நீங்கள் குத்திய இடம் சரியான இடம்தான், போதுமா?

பெயர் வாசிக்கும் நாள் வந்தது. உங்கள் பெயரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. போகவில்லை. "ஒன்பதாம் மேசை, தாவீ பூன்மீ, வயது ஐம்பத்தொன்று, பேருந்து ஓட்டுநர்" என்று வாசித்தேன். மூன்றாம் வரிசையில் தியன் பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. பெற்ற தகப்பன் செத்துப்போன செய்தியை அவள் அத்தனை பேர் நடுவில், ஒலிபெருக்கியில், என் வாயால் கேட்டாள்.

வாசித்து முடித்து, "யாருக்காவது உறவா?" என்று கேட்டேன். எப்போதும் ஒரு தடவைதான் கேட்பேன். அன்று இரண்டு தடவை கேட்டேன். என்னைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். கையை உயர்த்தவில்லை.

அன்று இரவு, "அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றாள். போட்டேன்.

சீட்டு எடுத்ததில் அவளுக்கு விழுந்தது நான்காம் மேசை. ஒன்பது விழுந்த பையன் ஒருவன், ஜன்னல் பக்கத்து மேசைதான் வேண்டும், காற்று இல்லாவிட்டால் மயக்கம் வருகிறது என்று என் அறையில் வந்து அழுதான். தியன் தன் இடத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு உங்களிடம் வந்தாள். நான் அப்போதே மேலே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வீட்டில் வாயைத் திறக்க வேண்டியிருக்கும் என்று பயந்து சும்மா இருந்தேன்.

அந்த வாரம் முழுவதும் பெஞ்சில் தைலக் குப்பியோடு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் யாரோ வெளியே வந்து விழுந்தார்கள். ஜன்னல் கிடைத்த பையன்கூட விழுந்தான். அவளை மடியில் சாய்த்து, "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அவள் வரவே இல்லை.

ஒரு கும்பிடு கேட்டீர்கள். வருடம் முழுவதும் தினமும் காலையில் உங்கள் தலைமாட்டில் நின்று கும்பிட்டாள், அப்புறம்தான் கத்தியை எடுத்தாள். கை நடுங்கவில்லை என்று அவள் பேராசிரியர் என்னிடமே புகழ்ந்தார். உடற்கூறில் அவள்தான் முதல் மதிப்பெண். மகளால் பெருமை வேண்டும் என்று ஆசைப்பட்டீர்களே, இதோ.

ஒரு நாள் சாப்பிடும்போது, நான் கேட்காமலே, தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "எல்லாத்தையும் பாத்துட்டேம்மா, கல்லீரலைத் தவிர எல்லாம் ஒழுங்கா இருக்கற இடத்துலதான் இருக்கு. ஒண்ணும் குறையில்ல." எதைத் தேடினாய் என்று நான் கேட்கவில்லை. எழுந்துபோய்க் கையைக் கழுவினேன்.

இன்று மதியம் நாற்காலிகளுக்குப் பெயர் ஒட்டுவதற்கு உதவிக்கு வந்தாள். அலுவலகத்தில் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவாள்.

"ஒன்பதாம் மேசைக்கு யார் உட்காருவாங்க மேடம்?"

"நீ உட்காரேன்."

"நீங்க உட்காருங்க. நீங்கதானே பேர் வாசிச்சீங்க."

அவள் உங்கள் பெயரை ஒரு நாற்காலியில் ஒட்டி, ஓரம் பிரியாமல் விரலால் தேய்த்துவிட்டாள்.

"காலியாவே இருக்கட்டும். நான் பின்னால நிக்கறேன். நிக்கறது எனக்குப் பழக்கந்தான்."

நாளை மற்ற ஐவரும் அந்தக் காலி நாற்காலியை வணங்கிவிட்டுப் போவார்கள்.

கடைசியாக அஸ்திப் பதிவு மிச்சமிருந்தது. வாங்கிக்கொள்ள ஆளில்லாத அஸ்தியை மற்றவற்றோடு சேர்த்துக் கடலில் கரைத்துவிடுவார்கள். உங்கள் பெயருக்கு நேரே 'உறவினர் எவருமில்லை' என்று எழுதப் போனேன். பாதியில் மை தீர்ந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் தடுப்பாள் என்று நினைத்தேன்.

தியன் தன் பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

இப்படிக்கு,
ராச்சனீ
மாணவர் நலப் பிரிவு