நூற்றில் ஒரு புள்ளி

மியூனிக், 5.1.98

மச்சானுக்கு ஸலாம்.

இல்லை, போன கடிதத்தோடு அனுப்பியது வானத்தைப் பிடித்த போட்டோ இல்லை. கம்ப்யூட்டருக்குள் நாங்களே ஒரு பிரபஞ்சத்தை வளரவிட்டு எடுத்த படம். ஒரு கோடியே எழுபது லட்சம் புள்ளிகள். அத்தனையும் காட்டினால் ஒரே வெள்ளை. நெருக்கமாக இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட்டேன். அந்தத் தீவுகளைத்தான் பார்த்தீர்கள்.

ஆராய்ச்சிக்காக இன்னும் மூன்று வருடம் இங்கே இருக்கச் சொல்கிறார்கள். மார்ச்சுக்குள் பதில். நிக்காஹ் முடிந்து நாம் சேர்ந்திருந்தது ஐந்து மாதம். என்ன சொல்கிறீர்கள்?

ஃபஹ்மிதா

குடவாசல், 20.1.98

அன்பு ஃபஹ்மி,

மூன்று வருடம் உன் இஷ்டம். உன் வாப்பா நலம். அறுவடைக் காலம், மகசூல் கணக்கெடுக்க அலைகிறேன்.

ஆபீஸில் தந்த குலுக்கல் எண் அட்டவணை எந்த இடத்தைக் காட்டுகிறதோ அங்கேதான் கயிறு கட்டி அறுத்து எடைபோட வேண்டும். துரைராசு வயலில் அது பதர் மூலையில் விழுந்தது. “நாலடி தள்ளிக் கட்டுங்க சார். நோன்பு வச்ச மனுசன், மனசு எரங்கக் கூடாதா?” என்றார். தள்ளவில்லை. நல்ல கதிரை மட்டும் அறுத்தால் அது அவர் வயலே இல்லை.

உன் தீவுகளுக்கு நடுவில் ஒன்றுமே இல்லையா?

அஸார்

மியூனிக், 3.2.98

மச்சான்,

இருந்தது. நெருக்கம் பாராமல் நூற்றுக்கு ஒன்றாகக் குலுக்கி எடுத்தேன். தீவுக்குத் தீவு மெல்லிய நூல் ஓடுகிறது. நான்தான் வெட்டி எறிந்திருக்கிறேன். பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் கடிதமும் என் பழைய படம்தான். அறுவடை, வாப்பா, உன் இஷ்டம். நடுவில் நீங்கள் எங்கே?

ஃபஹ்மி

குடவாசல், 17.2.98

ஃபஹ்மி,

ஆபீஸ் அட்டவணையைப் பிரித்து, அது காட்டியபடி ஜனவரியில் மூன்று நாள் எடுத்தேன்.

8: தபால்காரர் சைக்கிள் நம் தெருவுக்குத் திரும்பவில்லை. ஓடிப்போய் மறித்துக் கேட்டேன்.

12: நோன்புக் கஞ்சி வாங்கப் பள்ளிவாசலுக்கு இரண்டு தூக்கு எடுத்துப் போய்விட்டேன். மோதினார் இப்ராஹிம், “சீமையில இருக்குற புள்ளைக்கும் சேத்தா தம்பி?” என்றார். இரண்டிலும் வாங்கி வந்தேன்.

25: ஒன்றும் நடக்கவில்லை. உன் பச்சைத் துப்பட்டாவை வெயிலில் போட்டு எடுத்தேன்.

எதையும் மாற்றி எழுதவில்லை.

அஸார்

மியூனிக், 2.3.98

மச்சான்,

மூன்று வருடம் முடியாது, ஒரு வருடம் என்றேன். கொஞ்சம் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார்கள்.

என் இஷ்டம் என்றீர்கள். நீங்கள் இங்கே வரவேண்டும். சம்பளமில்லா லீவுக்கு எழுதிப்போடுங்கள். பாஸ்போர்ட்டுக்கும். அழைப்புக் கடிதம் இத்துடன் இருக்கிறது. குளிரும், சொல்லிவிட்டேன்.

இன்று மத்தியானம் விடுதி ஆபீசுக்குப் போய், இரண்டு பேர் தங்கும் அறைக்கு விண்ணப்பம் கொடுத்தேன்.

ஃபஹ்மி