கசம் என்று தலையாட்டினேன்

அண்ணன்,

ஐந்து நாளாக எங்கள் வீட்டில் ஊமத்தம் இலைப் புகை. காய்ந்த இலையைத் தணலில் போட்டு, எழும்புகிற புகையைப் பிள்ளை இழுக்க வேண்டும் என்று பரிசாரியார் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளை என்றால் என் மூத்தவள். நீங்கள் காணாதவள். ஒன்பது வயது. பாயில் குந்தியிருந்து, இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, தோள் காது வரை ஏற ஏற இழுக்கிறாள். நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று வருகிறது. முதல் நாள் அதைக் கேட்டதுமே, பரிசாரியார் வாயைத் திறக்க முன்னமே, என்ன வருத்தம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களோடு ஒரே வீட்டில் இருந்தவனுக்குத் தெரியாமல் போகுமா?

"தொய்வு" என்றார் பரிசாரியார். மூச்சிழுப்பு. "இது குடும்பத்தில இரிந்து இறங்கிற வருத்தம்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கட பக்கம் ஒருத்தருக்கும் இல்ல. உங்கட பக்கம் ஆருக்கும் இரிந்ததா?"

"இல்லையே" என்றேன்.

பாருங்கள், யோசிக்கக்கூட இல்லை. சண்டைக் காலம் என்று அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கூப்பன் வைத்திருக்கிறார்கள். என் பொய்க்கு மட்டும் ஒரு கட்டுப்பாடும் இல்லை. முதல் தரம் அந்தப் பொய்யைச் சொன்னபோது நீங்கள் இருந்தீர்கள். இப்போது இல்லாத உங்கள்மேல் இன்னொரு தரம் சொன்னேன். எழுதி எங்கே அனுப்பப் போகிறாய் என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கேயும் அனுப்புவதற்கில்லை. எழுதாமல் இருக்க ஏலவில்லை, அவ்வளவுதான்.

கொழும்புக்கு ரயில் ஓடத் தொடங்கிய புதிதில் போனவர் நீங்கள். கறுவாவும் மிளகும் அடுக்கிய கிட்டங்கி ஒன்றில் மூட்டை தூக்கும் வேலை. போகும்போது ஒரு மூட்டையைத் தனியாளாகத் தூக்கித் தோளில் வைக்கிற உடம்பு. வரும்போது வாழைச்சேனையில் இறங்கி, மாட்டு வண்டியில் பனிச்சங்கேணிக்கு வந்து, வண்டியிலிருந்து வீட்டு வாசலுக்கு நடக்க மூன்று தரம் நின்றீர்கள். அப்பாவும் அம்மாவும் அப்போது இல்லை. கூடப் பிறந்த பெண்களும் இல்லாத வீடு. நீங்களும் நானும்தான்.

டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவன் நான். அப்போதிக்கரி ஐயா குழலை வைத்து நெஞ்சிலும் முதுகிலும் கேட்டார். கசம், அதுதான் சயரோகம், இருக்கிறதா என்று சளியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். வெளியே வந்து நம் இருவருக்கும் முன்னால்தான் சொன்னார்.

"கசமில்ல. கசமெண்டா ஆளுக்கு ஆள் தொத்தும். இது தொத்தாது. தொய்வு. வீட்டில ஆருக்கும் இரிந்ததா?"

"அம்மாவுக்கு மாரியில இழுக்கும் ஐயா" என்றீர்கள். அம்மாவின் இழுப்பை ஊரில் சளி என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். அதுவும் ஒரு பொய்தான். நாம் பிறக்க முன்னமே தொடங்கியது.

"படுத்துக் கிடக்கப்படாது" என்றார் அவர். "காத்துப் படுற இடத்தில நடக்கணும். ஏலுமான வேலைய ஆறுதலாச் செய்யணும். நெஞ்சுக்கு வேலை குடுக்காட்டி அது இறுகிப் போகும்."

மறுநாளே நடக்கத் தொடங்கிவிட்டீர்கள். வீட்டிலிருந்து வாவிக்கரையால் முகத்துவாரம் வரை போவது உங்கள் எண்ணம். வழியில் நின்ற கண்டல் மரங்களுக்கும் தில்லை மரங்களுக்கும் ரயில் நிலையங்களின் பெயரை வைத்தீர்கள். முதலாவது பொலநறுவை. பிறகு மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புணானை. ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, உதட்டைக் குவித்து, விளக்கை அணைக்க மனமில்லாதவர் ஊதுகிற மாதிரி மெல்ல மெல்ல ஊதுவீர்கள். நான் அவசரக்காரன். "என்ன, இன்னும் போகல்லையா?" என்று கேட்பேன்.

"எஞ்சின் தண்ணி எடுக்குது மனே. பொறு."

முதல் மாதம் வெலிக்கந்தையைத் தாண்டவில்லை. இருமலோடு திரும்பி வருவீர்கள். மூன்றாம் மாதம் ஒருநாள் முகத்துவாரத்து மணலில் போய் நின்று, "மட்டக்களப்பு வந்திட்டு, இறங்குங்க எல்லாரும்!" என்று கத்தினீர்கள். கத்த மூச்சு இருந்தது, அதுதான் சந்தோசம். நான் அப்போது நூறடி முன்னால் போய் நின்றேன். கிணற்றடியில் பெண்கள் நின்றார்கள். ஊதி ஊதி நடக்கிற ஆளோடு சேர்த்து என்னைப் பார்த்துவிடுவார்களே என்று முன்னால் நடந்தேன். இது சின்னது. பெரியது வருகிறது.

கரைவலைக் காலம் தொடங்கியதும் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் போய், வலை இழுக்கிற கயிற்றில் ஒரு இடம் கேட்டீர்கள். அவர் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு வால்பக்கத்தில் நிற்கச் சொன்னார். இழுக்கும்போது ஊது, கயிறு தளரும்போது மூச்சை எடு: இந்தக் கணக்கை நீங்களே கண்டுபிடித்தீர்கள். பாட்டுப் பாடி இழுக்கிறவர்கள் பாட, நீங்கள் பாடாமல் ஊதிக்கொண்டே இழுத்தீர்கள். ஏலாத நேரம் கயிற்றை விட்டு மணலில் இருப்பீர்கள். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. வெயிலில் கறுத்து, கழுத்தில் கொஞ்சம் சதை பிடித்து, ஆள் தேறிவிட்டீர்கள். கயிற்றைப் பிடித்த கையை விரித்து எனக்குக் காட்டுவீர்கள், காய்ச்சுப் போயிருக்கிறது பார் என்று. அந்தக் கயிறு உங்களுக்கு மருந்து. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

மாங்கேணியில் எனக்குப் பெண் பேசினார்கள். நம் பக்கத்து ஆண்களுக்கு என்ன இருக்கிறது? வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. கட்டிக்கொண்டு போய் அங்கே இருப்பவன் மாப்பிள்ளை. ஒதுங்கச் சகோதரி வீடும் இல்லாத எனக்கு அந்தக் கலியாணம் பெரிய விசயம். அவளையும் எனக்குப் பிடித்திருந்தது. அவளுடைய தாய்மாமன் நம் ஊருக்கு வந்து, ஒரு மத்தியானம் தேத்தண்ணிக் கடையில் என்னை இருத்தி வைத்துக் கேட்டார். கயிறு இழுத்துக் களைத்து வந்தவர்கள் நாலைந்து பேர் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தார்கள்.

"உன்ட அண்ணனுக்கு என்ன வருத்தம் தம்பி? தொய்வெண்டு ஒரு கதை அடிபடுது. தொய்வெண்டா பிள்ளையளுக்கும் இறங்கும். நாளைக்கு எங்கட புள்ளையெல்லோ கிடந்து படணும்?"

"தொய்வில்ல மாமா. கொழும்பில பிடிச்ச வருத்தம்."

"கசமோ?"

நான் தலையாட்டினேன்.

தொற்றுகிற வருத்தம் என்றால் அது உங்களோடு போய்விடும். இரத்தத்தில் வருவது என்றால் எனக்கும் உண்டு. அந்த ஒரு தலையாட்டலில் இவ்வளவையும் கணக்குப் பார்த்தேன். உங்களைக் கொடுத்து என்னை எடுத்துக்கொண்டேன். பக்கத்து வாங்கில் தேத்தண்ணி குடித்தவர்கள் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

பொழுது சாய முன்னம் கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் கடற்கரையில் உங்களுக்குத் தண்ணீர் குடிக்க வேறு சிரட்டை வைத்தார்கள். அதற்கு மறுநாள் சம்மாட்டியார், "கொஞ்ச நாளைக்கு வீட்டில நில்லு, பொடியனுகள் பயப்படுறானுகள்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. முகத்தைப் பாராமல்தான் சொன்னார் என்று நீங்களே சொன்னீர்கள். வாவிக்கரையில் நடக்கப் போனீர்கள். பிள்ளைகள் குளிக்கிற இடம், இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டீர்கள்.

"தம்பி, நீ ஆரிட்டயும் ஏதும் செல்லினியா?"

"இல்லையே."

கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "சரி" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. கயிற்றில் உங்கள் இடம் காலியாக இருந்தது. அதை எனக்குத் தந்தார்கள். நான் பிடித்து இழுத்தேன்.

கலியாணத்துக்கு நீங்கள் வரவில்லை. வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

மாங்கேணிக்கு வந்த பிறகு மாதம் ஒருதரம் உங்களைப் பார்க்க வந்தேன். பிறகு அதுவும் குறைந்தது. வளவுக்குள் தென்னையைச் சுற்றி நடந்து நடந்து ஒரு தடம் விழுந்திருந்தது. கடைசியாகக் கண்டபோது அந்தத் தடத்திலும் புல் முளைத்துவிட்டது. "செட்டுக்குள்ள நிண்டா எஞ்சின் துருப்பிடிக்கும் மனே" என்று சொல்லிச் சிரித்தீர்கள், சிரிப்பு இருமலாகிவிட்டது. நான் நேரமாகிறது என்று எழும்பினேன். இரண்டாவது மாரியில் போய்விட்டீர்கள்.

சாவு வீட்டில் எட்டோ பத்தோ பேர். எல்லோரும் சால்வையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குத் தெரியாது, பொத்தினார்கள். எனக்குத் தெரியும், நானும் பொத்திக்கொண்டேன். பொத்தாமல் நின்றிருந்தால் யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். உங்கள் பாயையும் உடுப்பையும் கொளுத்தச் சொன்னபோது நெருப்பு வைத்ததும் நான்தான். அண்ணன், எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதற்குப் பெரிய வார்த்தை ஏதும் தேடிப் பார்த்தேன்; கிடைக்கவில்லை. வெட்கம்தான்.

நேற்று மத்தியானம் பிள்ளை இழுத்து இழுத்துக் களைத்து நித்திரையான பிறகு, மனைவி அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள். தன் வயிற்றில்தான் ஏதோ பிழை என்று நினைத்து அழுகிறாள். நான் அதையும் பார்த்துக்கொண்டு நிற்கலாமா? சொன்னேன். என் பக்கம் என்றேன். அம்மாவுக்கு இருந்தது, அண்ணனுக்கும் இதேதான் இருந்தது, கசமில்லை என்றேன்.

கண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "விசர்க் கதை கதைக்காதீங்க. அவருக்குக் கசம்தான். அவரே வந்து செல்லினவர்."

எனக்கு விளங்கவில்லை. எங்கே வந்து?

"இஞ்சதான். கலியாணத்துக்கு முந்தி. மாமாவுக்கு இன்னும் சந்தேகம் தீரல்ல. தொய்வாத்தான் இரிக்கும், இந்தச் சம்பந்தம் வேணாம் எண்டு நிண்டவர். அப்பதான் ஒருநாள் காலம்பற உங்கட அண்ணன் தடி ஒண்டு ஊண்டிக்கிட்டு வந்தவர். பனிச்சங்கேணியில இரிந்து நடந்தே வந்தவர். வேலிக் கடப்பு வாசலுக்கு வெளியில நிண்டு எவ்வளவு நேரம் ஊதினாரெண்டு கேளுங்க. பேச்சு வரல்ல. மறுகாதான் அம்மாவிட்டச் செல்லினவர்: 'எனக்குக் கசம்தான். கொழும்பில தொத்தினது. எங்கட ரெத்தத்தில ஒண்டும் இல்ல. பயப்படாமப் புள்ளையக் குடுங்க' எண்டு."

"உள்ளுக்கு வந்தாரா?" என்று மட்டும் கேட்டேன்.

"உள்ள வந்து இரிங்க எண்டு அம்மா எத்தினையோ தரம் கூப்பிட்டா. 'கசக்காரன் எப்பிடி உள்ள வாறது?' எண்டு சிரிச்சார். தம்பிக்குச் செல்ல வேணாம், அவன் வெக்கப்படுவான் எண்டும் செல்லினவர். அம்மா சத்தியம் பண்ணிக் குடுத்தவ. அம்மாவும் போய்ச் சேர்ந்திட்டா, இனிச் செல்லினா என்ன எண்டுதான் செல்லுறன்." சொல்லிக்கொண்டு வந்தவளுக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. குரல் இறங்கிவிட்டது. "நான்தான் தண்ணி கொண்டு போனன். கையில குடுக்கல்ல. மண்ணில வச்சிட்டுத் தள்ளி நிண்டன். அவரும் நான் தள்ளி நிக்குமட்டும் பாத்துக்கிட்டு நிண்டுதான் எடுத்தவர்."

பிறகு அவள் என்னோடு பேசவில்லை. இன்று காலையும் பேசவில்லை. பேசாதது நியாயம்தான்.

நீங்கள் நடந்து வந்த அந்தக் காலையில் நான் எங்கே இருந்தேன்? கடற்கரையில், உங்கள் இடத்தில், கயிறு பிடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டு. முகத்துவாரம் போய் வரவே பாதி நாள் எடுக்கிற ஆள், மாங்கேணி வரைக்கும் எத்தனை மரத்தடியில் நின்றிருப்பீர்கள்? அப்படி நடந்து வந்தது, நீங்கள் இனி நடக்கவே முடியாதபடி ஒரு பொய்யை உறுதிப்படுத்த.

இன்று பிள்ளைக்குக் கொஞ்சம் சுகம். கடற்கரைப் பக்கம் நடக்கக் கூட்டிப் போனேன். உதட்டைக் குவித்து ஊதச் சொல்லிக் கொடுத்தேன். எதிரே வந்த அயல்வீட்டுக்காரர், "புள்ளைக்கு என்ன?" என்றார். "தொய்வு" என்றேன். "எங்கட ரெத்தத்தில இரிக்கி. எங்கட அண்ணனுக்கும் இதுதான். அவருக்குக் கசம் எண்டது பொய். அந்தப் பொய்யச் செல்லினது நான்."

அவர் "ஆ, அப்பிடியா" என்றார். வலையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் அண்ணன். இதைச் சொல்லத்தான் எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

திரும்பி வந்தபோது வேலி வாசலில், கடப்படியில், பிள்ளை நின்றாள். மூச்சு வாங்கியது. கையை வேலிக் கம்பில் ஊன்றிக்கொண்டு ஊதி ஊதி, கொஞ்சம் ஆறியதும் உள்ளே ஓடிவிட்டாள். நான் வெளியிலேயே, அன்று நீங்கள் நின்ற இடத்தில், நின்றேன். கலியாணம் முடித்த நாள் தொடக்கம் நாளுக்குப் பத்துத் தரம் இந்தக் கடப்பால் போய் வருகிறேன். வீட்டுக்காரன் மாதிரி, கையை வீசிக்கொண்டு. உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டாள். நேற்றுக்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிட்ட முதல் தரம். இரண்டாம் தரமும் கூப்பிட்டாள். உள்ளே போகக் கால் எழவில்லை, அண்ணன்.