பெயர்ப்பலகையில் பார்த்த பெயர்

ஆவணி, வியாழக்கிழமை

திருச்செங்கோட்டுக்கு வேலைக்கு வந்து இரண்டு வாரம். போனில் வழி பார்க்காமல் ஊர்க்காரி மாதிரி மலையடிவாரத் தெருக்களில் நடக்கலாம் என்றுதான் சாயங்காலம் கிளம்பினேன். ஒரு சந்தில் குடத்தோடு வந்த அம்மா, "யாரூட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டார். சும்மா நடக்கிறேன் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். சற்றுமுன் ஒரு வாசலில் படித்த பெயரைச் சொன்னேன். "பழனியப்பன் ஐயா ஊட்டுக்குங்க. அவங்க பொண்ணோட படிச்சேன்." மகள் இருக்கிறாளா என்றுகூட யோசிக்கவில்லை.

அவர் என் கையைப் பிடித்து, "உங்க பொண்ணோட படிச்சவங்களாமா" என்று சொல்லி அந்த வீட்டிலேயே கொண்டுபோய் விட்டார்.

வீட்டுக்கார அம்மா என்னைக் கதவோரமாக இழுத்தார். "அவ அனுப்புச்சாளா சாமி? ஊட்ட விட்டுப் போயி ரெண்டு வருசமாச்சு. கொழந்த பொறந்துருச்சா?"

தலையை ஆட்டிவிட்டேன். எதற்கு ஆட்டினேன்?

உள்ளே ஓர் ஆண் இருமினார். அந்த அம்மா அரிசி டிரம்முக்குள் கைவிட்டு, கைக்குட்டையில் முடிந்திருந்த வெள்ளி அரைஞாணை எடுத்து என் பைக்குள் திணித்தார். "கொழந்தைக்குக் கட்டச் சொல்லுங்க. அவருக்குத் தெரிஞ்சா கொன்னே போடுவாரு. போயிருங்க."

திருப்பிக் கொடுக்கப் போய், பழனியப்பன் ஐயாவே கதவைத் திறந்தால்?

அரைஞாண் மேசைமேல் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது.